எல்லைக் கல்லுக்கு அப்பால் போன மெசுல்லாம்

மற்ற கோத்திரங்களுக்கெல்லாம் நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். கோயில் பணி செய்யும் லேவியர்களான எங்களுக்கு இந்தக் கேதேசு ஊரையும், இங்கே அடைக்கலம் தேடி ஓடி வருகிற கொலைகாரர்களையும் கொடுத்தார்கள். கைதவறிக் கொன்றவன் எங்கள் எல்லைக் கல்லுக்குள் இருக்கும்வரை செத்தவனின் சொந்தக்காரர்கள் அவனைத் தொடக்கூடாது. எருசலேமில் தலைமைக் குரு இறந்துபோனால் அவரோடு பழியும் போய்விடும். கொன்றவன் வீடு திரும்பலாம். கடலோரத் தீரு பட்டணத்திலிருந்து வரும் வியாபாரிகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒருநாள் அவர்களுக்கும் கைதவறிப் பார்த்தால் தெரியும்.

மெசுல்லாம் என் வீட்டு மாடியறையில் ஒன்பது வருடம் குடியிருந்தான். மரம் வெட்டும்போது கோடரித் தலை கழன்று பறந்து, கூட நின்ற மனைவியின் தம்பிமேல் பட்டு, அவன் செத்துப்போனான். அவளுடைய அண்ணன் அசாரேல் அன்றைக்கே கத்தியோடு துரத்தினான். அதிலிருந்து அவனும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லைக் கல்லுக்கு அப்பால் ஆடு மேய்த்துக்கொண்டு ஊரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

மெசுல்லாமுக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் மதிலுக்குப் போவான். வழிப்போக்கர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"பெரிய குரு உடம்பு எப்படி இருக்குங்க?"

"அவருக்கென்னப்பா? போன பண்டிகைக்கு ஒரு முழு ஆட்டுத் தொடைய தனியாவே முடிச்சாரே!"

இவன் முகம் தொங்கிப்போகும். நான் சும்மா விடுவேனா?

"அடப்பாவி, ஒரு நல்ல மனுஷன் சாவணும்னு வாசல்ல நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா. அந்த வெக்கத்தோடதான் நிக்கிறேன்."

ஒன்பதாம் வருடம் அறுப்பு முடிந்ததும் மகள் திர்சாளுக்குக் கல்யாணம் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "குரு இருந்தாலும் போறேன், செத்தாலும் போறேன்" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். போனால் அசாரேல் கையில் சாவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உப்பு வியாபாரி ஒருவன் கழுதையோடு வந்தான். "பெரிய குரு போயிட்டாரு! எருசலேமே அழுதுட்டிருக்கு!" என்றான். மெசுல்லாம் சிரித்தான், அழுதான், செருப்பைக்கூட மாட்டாமல் வாசலைத் தாண்டி ஓடினான். மகள் கல்யாணத்துக்கு வெறுங்கையோடா போவான்? நான் அத்திப்பழ அடையைத் துணியில் முடிந்துகொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கல்லுக்கு அப்பால் அசாரேல் நின்றிருந்தான். வியாபாரி வரும் வழியிலேயே அவனிடமும் சொல்லியிருந்தான். அசாரேல் கத்தியைக் கீழே போட்டான்.

"மாப்ள, என் தம்பி கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

"தண்ணி கேட்டான் மச்சான். நான் கொண்டாரதுக்குள்ள..."

இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு கதறினார்கள். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது வாயிற்காவலன் இத்தோ ஓடி வந்தான். அந்த மடையன் தூரத்திலிருந்தே கத்தினான்: "மெசுல்லாம், திரும்பி வா! செத்தது குரு இல்லையாம், அவரோட தம்பியாம்! எருசலேம்லேர்ந்து ஆள் வந்திருக்கு!"

அசாரேல் காதிலும் அது விழுந்தது. இப்போது அவன் குத்தினால் சட்டப்படி யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. "ஓடுடா!" என்று அலறினேன். மெசுல்லாம் மண்ணில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தான். அசாரேல் குனிந்து கத்தியை எடுத்தான்.

"இத்தன வருஷமா கோவத்த இறுக்கிப் பிடிச்சு வெச்சிருந்தேன். இப்பத்தான் அழுது தீர்த்தேன். மறுபடியும் முதல்லேர்ந்து என்னால ஆகாது, மாப்ள. எந்திரி, உன் மக கல்யாணத்துக்குப் போவோம். வழியில எங்க சித்தப்பா பசங்க பார்த்தா உன்ன விடமாட்டானுங்க. என்ன ஒட்டியே வா."

கத்தியை நீட்டிப் பிடித்தபடி அவன் முன்னால் நடந்தான்.