நடுக் காம்பராவின் தகரம்

ஹட்டனில் என் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வாழ்நாளில் பாதியை ஊரார் கூரைகளை அளப்பதில் கழித்தவன் வீடே ஒழுகுகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லிக் கடைசியில் இந்த வருடம்தான் ஆள் பிடித்தேன். வேலையை ஒப்பந்தமாக எடுத்து வந்த கொந்தரப்புக்காரர் சின்ன வயது. தகடு வெட்டும் இயந்திரம் கிர்ரென்று இரைந்தது. கருகின இரும்பின் வாசனை முற்றம் வரை வந்தது. அந்த வாசனைக்கு நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலை மலையொன்றுக்குப் போய்விட்டேன். கையில் இருந்த தேநீர் ஆறியது தெரியவில்லை.

அப்போது எனக்கு வேலை கிடைத்த புதிது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரை மாற்றும் திட்டம் ஒன்று வந்திருந்தது. ஒவ்வொரு லயமாகப் போய் அளந்து, எத்தனை தகடு, எவ்வளவு மரம், எவ்வளவு ஆணி என்று மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் வேலை. வேலைக்கு எடுக்கும்போது உயரம் என்றால் பயமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன்.

பழைய லயத்துக் கூரையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைக்காரன் காலத்துத் தகரம். மேலே துரு, கீழே தலைமுறை தலைமுறையாக அடுப்புப் புகை படிந்த கரி. ஓட்டைகளில் தாரில் நனைத்த சாக்குத் துண்டு. காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும். உள்ளே படுத்துக்கொண்டு பார்த்தால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பார்கள். மழை நாளில் யாரும் அந்தப் பகிடியைச் சொல்ல மாட்டார்கள்.

அந்த லயத்தில் ஏணி வைக்கத் தோதான சமதரை வரிசையின் நடு வீடான காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால்தான் இருந்தது. அது செல்வமணி அக்காவின் காம்பரா. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். நான் ஏறினால் அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்வார். ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போதுதான் படியைத் தேடிக் கீழே பார்த்துவிட்டு ஏணியோடு ஒட்டிக்கொள்வேன்.

“கீழ பாக்காதீங்க தம்பி. தகரத்தப் பாத்துக்கிட்டே காலை வைங்க. நான் புடிச்சிருக்கேன்.”

அக்கா தோட்டத்தில் வேலை செய்யவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு கொழுந்து நிறைய உள்ள நல்ல மலை அவருக்குக் கிடைக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, கூப்பிடுகிறவர்களின் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். காம்பராவில் மட்டும் இருந்தார். அவருடைய அப்பா இருந்த காம்பரா அது. அவர் பிறந்ததும் அதற்குள்தான்.

நான் லயத்தை முழுதாக அளந்து எழுதியிருந்தேன். வேறெப்படி அளப்பது? லயம் என்பது ஒரே கூரை. லொறியில் தகடு வந்து இறங்கிய அன்றைக்குத்தான் தோட்டத்து நிர்வாகியான தொரை வந்து சொன்னார்.

“நடுவில் உள்ளதை விடுங்க. பெரட்டுல பேர் இல்லாத ஆளுக்குத் தோட்டம் கூரை போடாது.”

வேலையை எடுத்திருந்த கொந்தரப்புக்காரர் சலீம் நானா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“சேர், புதுத் தகடும் பழைய தகரமும் சேருற எடத்துல தண்ணி உள்ள போகும். பக்கத்து ரெண்டு வீடும் ஒழுகும்” என்றேன்.

“தார் பூசுங்க.”

அவ்வளவுதான். தொரையின் ஜீப் போய்விட்டது. செல்வமணி அக்கா இஸ்தோப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் கேட்காதவர் மாதிரி உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் காம்பரா சிவனு அண்ணன் லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். மதிப்பீட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இஸ்தோப்பின் மேல் போடத் தனியாகக் குட்டைத் தகடு எழுதியிருந்தேன்.

“எங்களுக்கு இஸ்தோப்புக்குப் புதுசு வேணாங்க நானா. பழசே கெடக்கட்டும். அந்தத் தகட்ட எல்லாம் சேத்து செல்வமணிக்குப் போட்டுருங்க. காணுமா, போதுமான்னு பாருங்க.”

சலீம் நானா என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். குட்டைத் தகடு என்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடிக்க வேண்டும். பார்த்தேன். காணும்.

மறுநாள் அக்காவின் பழைய தகரம் இறங்கியது, புதுத் தகடு ஏறியது. எதிர் மலையிலிருந்து பார்த்தால் இஸ்தோப்பு தவிர லயம் ஒரே வெள்ளியாக மின்னியது. அக்கா எங்கள் எல்லோருக்கும் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் செய்து கொடுத்தார். சிவனு அண்ணனின் மனைவிதான் தேங்காய் துருவினார். அன்றைக்குப் போல நான் வேலையில் சந்தோஷமாக இருந்ததில்லை.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்று வரை தெரியாது. தொரை திரும்ப வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“மற்ற லயங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?” என்று சலீம் நானாவிடம் கேட்டார். “இதைக் கழற்றுங்க. இல்லாட்டி லொறி திரும்பிப் போகும்.”

மேல் மலையில் இன்னும் எத்தனையோ லயங்கள் ஒழுகிக்கொண்டு தகட்டுக்குக் காத்திருந்தன. நான் என் மேலதிகாரியிடம் போய் நின்றேன். தோட்டத்து விஷயத்தில் நாம் தலையிட முடியாது என்றார். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதரும் ஒதுங்கிக்கொண்டார் என்பது இப்போது நினைக்கும்போது இன்னும் கசக்கிறது.

சலீம் நானா ஆட்களை ஏறச் சொல்லவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறப் போனார். ஏணியை அக்காதான் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிரு புள்ள” என்றார் நானா, மேலே ஏறாமல் முதல் படியிலேயே நின்று.

“நீங்க என்னாங்க நானா செய்வீங்க. பாத்துக் கழட்டுங்க, கைய வெட்டிறப் போகுது.”

ஒரு முறை கழற்றிய துருத் தகரத்தைத் திரும்பப் போட்டால் பழையபடி இருக்காது. பழைய ஆணி ஓட்டைகள் மரத்தோடு பொருந்துவதில்லை; புதிதாக ஆணி அடித்தால் தகரம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கூரை மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட அக்காவின் வீடு மோசமாகிப் போனது. சேரும் இடங்களில் தாரை அப்பினோம். அந்த மலைக் காற்றுக்கும் மழைக்கும் தார் எத்தனை நாள் நிற்கும்?

மழைக்காலம் தொடங்கி, வேலையைப் பார்வையிட நான் திரும்பப் போனபோது சிவனு அண்ணனின் வீட்டுச் சுவர் பச்சைப் பாசியாக இருந்தது. புதுத் தகட்டின் கீழ்தான். அவர் மனைவி என்னிடம் சொல்வது போல நடுக் காம்பராவின் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னார்:

“புதுக் கூர வந்தும் எங்களுக்கு விடியல தம்பி. இவ தகரம் இருக்கிற வரைக்கும் நாங்க நனைஞ்சுகிட்டேதான் கெடக்கணும்.”

சிவனு அண்ணன் குனிந்து வாளியை நகர்த்திக்கொண்டிருந்தார். தொரையின் பேரை யாரும் எடுக்கவில்லை. தொரை தூரத்தில் இருந்தார். தகரம் பக்கத்தில் இருந்தது.

நான் அக்காவிடம் போய் என்னவோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் நனையாத ஒரு மூலையில் மகளின் புத்தகங்களை பொலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அவங்க சொல்றதுல என்னா தப்பு தம்பி? புள்ளைங்க படுக்கிற எடத்துல தண்ணி விழுது. அன்னிக்கு அவங்க தகட்டக் குடுக்காமயே இருந்திருக்கலாம். நான் அவங்களோட நல்லா இருந்திருப்பேன்.”

அந்த மழைக்காலம் முடியுமுன் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு ராகலைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு குடிசை கொடுத்தார்களாம். அவர் போன பிறகு நடுக் காம்பராவுக்குப் புதுத் தகடு வந்தது. தோட்டத்துக் காவலாளிக்கு அந்தக் காம்பரா கொடுக்கப்பட்டது. வேலை சுத்தமாக நடந்தது, நான்தான் அளந்தேன்.

போன மாதம் வேறொரு காரியமாக அந்தப் பக்கம் போனபோது லயத்துக்கும் போனேன். சிவனு அண்ணன் தனியாக இருக்கிறார். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் கொழும்பில். என்னை அடையாளம் காண அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. செல்வமணி அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

“தகவல் இல்லீங்க” என்றார். பிறகு சுவரைக் காட்டினார்.

அந்தக் காலத்தில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர்கள் கூரை வரை போகாது. மேலே ஓர் ஆள் உயரம் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டுப் புகை லயம் முழுக்கப் போகும். ஒரு வீட்டுப் பேச்சும் போகும். இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து கொத்தமல்லித் தண்ணி வேணுமா என்று குரல் வரும். அந்த இடைவெளியை இப்போது எல்லா வீட்டிலும் கல் வைத்துக் கூரை வரை அடைத்துவிட்டார்கள்.

“இப்ப ஒழுகுறதில்ல தம்பி” என்றார் சிவனு அண்ணன். “அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னும் தெரியிறதில்ல.”