அஞ்சு மூடி மருந்து

என் தங்கைக்குச் சளி பிடித்தால் பாட்டில் மருந்து. எனக்குப் பிடித்தால் மிளகுக் கசாயம். எஸ்டேட்டில் மிளகு சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையை இப்படியா வதைப்பது? அவளுடையது ரோஸ் நிறம், ஸ்ட்ராபெரி வாசம். அம்மா அதை மூடியில் ஊற்றி, அவளை மடியில் சாய்த்து, "என் கண்ணுல்ல" என்று கொஞ்சிக் கொஞ்சிக் கொடுப்பாள். காலி மூடியை முகர்ந்து பார்க்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிறேனாம், பெரியவனாம்.

ஒருநாள் காலையில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் மெடிக்கல் வைத்திருப்பவர் பைக்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம கடையில வாங்குன சளி மருந்து ஊட்ல இருக்குதுங்களா? கம்பெனியே திரும்ப வாங்குது. ஆகாதது என்னமோ கலந்துருக்கும்னு சந்தேகமாமுங்க. யாரு குடிச்சது?"

"பாப்பாதானுங்க. நேத்துக்கூட ரெண்டு மூடி குடுத்தேனே!"

"பயப்படாதீங்க. எதுக்கும் சேலம் பெரியாஸ்பத்திரியில காட்டிருங்க."

என் காதில் விழுந்தது சேலம் மட்டும்தான். மருந்தும் அவளுக்கு, மடியும் அவளுக்கு, இப்போது பஸ்ஸும் அவளுக்கா?

"நானும் குடிச்சேன்" என்றேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என் வாயை முகர்ந்து பார்த்து, "எப்படா சாமி?" என்றாள். என்னை அவள் சாமி என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

பஸ்ஸில் தங்கை அப்பா மடியில், எனக்கு ஜன்னலோரம். மலையடிவாரம் வரைக்கும் அம்மாவின் கை என் தோளில்தான் இருந்தது.

"எவ்வளவு குடிச்சே தம்பி?" என்று டாக்டர் கேட்டார். தங்கை ரெண்டு மூடி என்றால் நான் குறைத்துச் சொல்வேனா?

"அஞ்சு மூடி."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று தங்கையை அப்பாவோடு அனுப்பிவிட்டு, அந்த அஞ்சு மூடிக்காக என்னை மட்டும் இன்னொரு நாள் வைத்துக்கொண்டார்கள். தங்கை அழுதுகொண்டே போனாள். அம்மா முழுசாக எனக்கு. வேறென்ன வேண்டும்?

கெட்ட மருந்து சிறுநீரகத்தைத் தாக்கினால் ஒண்ணுக்கு நின்றுபோகும் என்று டாக்டர் அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். எனக்கு எங்கே தெரியும்? மறுநாள் முழுக்க அவள் "ஒண்ணுக்கு வருதா கண்ணு?" என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள். போய் வந்தால், "சேர்வராயா" என்று எங்கள் மலைச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். அதனால் மத்தியானத்திலிருந்து அடக்கிக்கொண்டேன்.

"வருதா சாமி?"

"வல்லம்மா."

இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். தலையைத் தடவினாள். மறுபடி கேட்டாள். "வல்லம்மா" என்றேன். கடைசியில் செருப்புக்கூடப் போடாமல் நர்ஸைத் தேடி ஓடினாள்.

கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காக அம்மா இப்படி ஓடுவதைத் தங்கை பார்க்கவில்லையே என்பது ஒன்றுதான் அன்றைக்கு என் வருத்தம்.