வலது பக்கம் கியர்

எனக்கு ஒரு மூத்தாள் இருக்கிறாள். கல்யாணமாகி நான் ஓசூருக்கு வந்தபோதே வாசல் ஓரத்தில் கறுப்பாக, எண்ணெய் ஒழுகிக்கொண்டு நின்றிருந்தாள். கோலார் தங்கவயலில் வெள்ளைக்கார இன்ஜினியர் யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் பைக். ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க என் அம்மா சீராகக் கொடுத்த தாம்பாளத்தை வந்த மாதமே எடுத்துப் போய் அடியில் வைத்தார் என் வீட்டுக்காரர்.

அவருக்கு சிப்காட்டில் ஒரு பைக் கம்பெனியில் வேலை. லைனிலிருந்து இறங்கும் புது வண்டிகளை டிராக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டனைத் தொட்டால் கிளம்பும் அந்த வண்டிகளைத் "தையல் மிஷின்" என்பார். ராயக்கோட்டையில் தக்காளி வாங்கப் போவதென்றாலும் பழசில்தான் போவார். வீடு வந்து சேரும்போது தக்காளி பாதி சட்னி. ஆனால் மேட்டில் அது ஏறும் சத்தத்துக்கு டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் இவர் உயிரை விடுகிறார் என்று நினைத்தேன்.

அந்த வண்டியில் ஒரு கோளாறு. கோளாறு என்றால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளே அப்படித்தானாம். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர்.

"தினமும் மாத்தி மாத்தி ஓட்றீங்களே, என்னைக்காவது குழம்பிடாதா?" என்று கேட்டேன்.

"தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் பேசறேன். குழம்புதா என்ன?" என்றார். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற மனுஷன்.

வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் இருந்தவரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் போன வருஷம் சூப்பர்வைசரே சொன்னார். அந்த வாரமே டிராக்கில் முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. இவர் இடது காலை அழுத்தினார். அங்கே இருந்தது கியர். விலகப்போய்த் தடுப்புச் சுவரில் மோதி வலது முட்டி நொறுங்கியது.

"டிராக் ஈரமா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்று கூட வேலை செய்கிறவர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். நானும் கெஞ்சினேன். விசாரணையில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "கால் மாறிப்போச்சு சார். வீட்ல ஓட்றது வலது பக்கம் கியர்" என்று சொன்னார். சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு இருந்ததாம். பர்மனென்ட்டும் போனது, கான்ட்ராக்ட்டும் போனது.

இப்போது அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் நான் வண்டிகளுக்குப் போகும் ஒயர்களைக் கட்டுகிறேன். "வித்துடலாங்க" என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, மறைத்து என்ன.

போன ஞாயிறு, "ஒரே ஒரு தடவ உதைச்சுக் குடேன்" என்றார். முட்டி மடங்காதவர் எங்கே உதைப்பது. கீழே தள்ளி உடைக்கும் வெறியில்தான் கிட்டே போனேன். ஆனால் கால் தானாகக் கிக்கரை மெல்ல மிதித்து, கெட்டியாகும் இடத்தில் நின்றது. அவர் அப்படி மிதிப்பதை இத்தனை வருஷம் பார்த்த பழக்கம். முழு உடம்பையும் கொடுத்து உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. கனமான, அவசரமே இல்லாத சத்தம். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கொஞ்சம் யோசிக்கிற சத்தம். என் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது.

அவர் நாற்காலியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

"நிறுத்திடட்டுமா?" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. நானும் நிறுத்தவில்லை.