மங்கிய பல்பின் நிம்மதி

மட்டாஞ்சேரியில் சொந்தமாக மாவு மில் வைத்திருந்தும், முகைதீன் பிச்சைக்கு மோட்டாரைக் கண்டால் குலை நடுங்கும். ஒரு தடவை ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்ட ஆள். பல்பு பளிச்சென்று எரியும் பகலில் சுவிட்சைத் தொடும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும். அந்தியில் வீடுகளிலெல்லாம் விளக்கு போட்டதும் வோல்டேஜ் இறங்கி, மில் பல்பு கங்கு போலச் சிவக்கும். அப்போதுதான் அவருக்கு மூச்சே வரும். கரண்டு தளர்ந்துவிட்டது, இனிக் கடிக்காது என்று நினைப்பு. பெரிய அரவையை எல்லாம் அந்நேரத்துக்கே ஒதுக்கிவைப்பார்.

நோன்பு மாதத்தில் பத்திரி ரொட்டி மாவுக்கான அரிசி மலையாகக் குவிந்தது. நோன்பு திறந்த கையோடு மோட்டாரைப் போட்டார். அரவைக் கல் தள்ளாடிச் சுற்றியது, பிறகு நின்றேவிட்டது. மோட்டார் மட்டும் முனகிக்கொண்டே இருந்தது. கருகல் வாடை வந்தது, புகை கிளம்பியது. சுவிட்சை நெருங்கப் பயந்து அவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள, மனைவி ஜுமைலா ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள்.

மறுநாள், கருகிய காயிலை மாற்றிக் கட்ட வந்த மெக்கானிக் வறீது மோட்டாரைப் பிரித்துப் பார்த்தான்.

"இக்கா, வோல்டேஜ் குறைஞ்சாலும் கல்லு அதே கல்லுதானே. அதை இழுக்க மோட்டாரு கரண்டை அதிகமா உறிஞ்சும். சூடேறி உள்ளே கம்பி மேல இருக்கிற பூச்செல்லாம் ரொம்ப நாளா வெந்திருக்கு. கரண்டு கசிஞ்சு, மோட்டாரோட மேல் இரும்பே என்னிக்கு வேணும்னாலும் ஷாக் அடிச்சிருக்கும்."

பிச்சை தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பல்பு மங்கிய தைரியத்தில், தினமும் அந்த இரும்பின் இதமான சூட்டில் முதுகைச் சாய்த்துத்தான் அவர் சாயா குடிப்பார்.