தானே தொட்டுக்கொள்ளும் திரை

தோரா குட்மன்ட்சன் முதலில் கட்டைவிரலால் அழுத்துவாள். அசையாவிட்டால் நடுவிரல் மூட்டால் தட்டுவாள். அதற்கும் மசியாவிட்டால் பேச ஆரம்பிப்பாள். "வலதுன்னு சொன்னா வலதக் காட்டு. உன் அபிப்பிராயத்த யாரு கேட்டா?" நாங்கள் பின்னிருக்கைகளில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருப்போம். பேச்சு முடிந்த பிறகுதான் வேன் நகரும்.

அவள் திட்டுவது உள்ளங்கை அகலமுள்ள ஒரு ஜி.பி.எஸ். பெட்டியை. அது புதிதாக வந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லா வண்டியிலும் இருந்தது. இப்போது இவளிடம் மட்டும்தான். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணம் குளிரில் விட்டுப்போகிறது என்று டாஷ்போர்டின் மேலேயே, பனியைக் கரைக்கும் சூடான காற்று வரும் இடத்தில், சாம்பல் நிற டேப்பைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தாள். தொட்டால் தொட்ட இடத்தில் படாது. ஒரு வரி கீழே தள்ளி விழும். நான்கை அழுத்தினால் ஏழு வரும். அதனால் அவள் எப்போதும் ஒரு விரற்கடை மேலே அழுத்துவாள். வேறு யாராவது அந்தப் பெட்டியை இயக்கப் பார்த்தால் பக்கத்து மாகாணத்துக்குத்தான் போய்ச் சேர்வார்கள்.

போனில் வழி பார்க்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஒருமுறைதான் கேட்டார்கள். தானியக் கிடங்கைத் தாண்டினால் போனில் சிக்னல் செத்துவிடும். அது மட்டுமில்லை, மைனஸ் முப்பதில் கையுறையைக் கழற்ற முடியாது. கையுறையோடு தொட்டால் போன் கண்டுகொள்ளாது. அந்தப் பழைய திரைக்கு அழுத்தம் போதும். விரலா கம்பளியா என்று அது பார்ப்பதில்லை.

மானிட்டோபாவில் இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே எங்கள் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. சிறுநீரகம் கைவிட்டவர்களை வாரத்தில் மூன்று நாள் நகரத்து மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது தோராவின் வேலை. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் லெஸ்டர் ஸ்பென்ஸ் உட்காருவான். முன்பு ஏரியில் மீன்பிடித்தவன். அவனுக்குப் பக்கத்தில் நான், மரக்கடை வைத்திருந்தவன். ஏறியதும் லெஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு யாரு மேல கோவம்?" என்பதுதான். பதில் எப்போதும் தயாராக இருக்கும். சாலையைச் சுரண்டுகிறேன் என்று பனியை வரப்பு போலக் குவித்து வாசலை அடைத்துவிட்டுப் போன வண்டிக்காரன் மேல். காப்பிக் கோப்பைக்கு மூடியைச் சரியாகப் போடாத கடைப்பெண் மேல். ஒருநாள், சாலை நடுவில் நின்று யோசித்த ஒரு மான் மேல். குளிரில்கூடத் தொப்பி போட மாட்டாள். காது இரண்டும் சிவந்து, கோபத்துக்கென்றே வைத்த விளக்கு போல இருக்கும்.

கிறிஸ்துமஸுக்குத் தன் முன்னோர்களின் ஐஸ்லாந்து வழக்கப்படி அடுக்கு கேக் செய்வாள். அதற்குள் வைப்பது உலர்ந்த பிளம்ஸ் பழம். எங்களுக்கு அது ஆகாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அடுத்த முறை தோரா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். "பிளம்ஸ் ஆகாதாமே உங்க மகராசனுங்க உடம்புக்கு. ஆப்பிள வச்சிருக்கேன். எங்கம்மா பாத்தா என்னை வீட்டவிட்டுத் துரத்தியிருப்பா. தின்னு தொலைங்க." துண்டுகளை அளவாக, ஆளுக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி காகிதத்தில் சுற்றியிருந்தாள்.

நவம்பர் பிறந்ததும் அந்தத் திரை தன்னைத் தானே தொட்டுக்கொள்ளத் தொடங்கியது. யாரும் கை வைக்காமலே படம் பெரிதாகும், சிறிதாகும். பெட்டிக்குள் இருக்கும் பெண்குரல் திடீரென்று உரக்கப் பேசும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். தோரா அலுவலகத்தில் சொன்னாள். அங்கே மேலாளர் டுவெய்ன். யாரிடமும் குரலை உயர்த்தாதவன், அதுவே அவளுக்குப் பொறுக்காது. புதுப் பெட்டி கேட்டதற்கு, எல்லா ஓட்டுநர்களும் போனுக்கு மாறிவிட்டார்கள் என்று கனிவாகச் சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்த வாரம் எங்களோடு ஒரு புதிய ஆள் சேர வேண்டியிருந்தது. ஸ்டெஃபா பசராபா. எண்பதைத் தாண்டிய உக்ரைன்காரி. ஒரு சரளைச் சாலையின் கோடியில் தனியாக இருப்பவர். அவர் வீட்டுக்கு எங்களில் யாரும் போனதில்லை. தோரா முந்தின நாளே விலாசத்தைக் கேட்டு இடத்தைப் பெட்டியில் குறித்து வைத்திருந்தாள். காலையில் பொடிப் பனி கிளம்பி முன்னால் போகும் சாலையே தெரியவில்லை. பெண்குரல் இடது என்றது, இடது போனோம். மறுபடி இடது என்றது. மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் குரல், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று சொன்னபோது எதிரே ஏரி கிடந்தது. படகு இறக்கும் சரிவு அது. வழியில் எங்கேயோ திரை தானே ஒரு தொடு தொட்டு, பழைய பட்டியலில் இருந்து லெஸ்டரின் படகுத்துறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு விட்டது.

"அந்தம்மா என்ன மீனா தோரா, தண்ணிக்குள்ள இருக்க?" என்றான் லெஸ்டர்.

அவள் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெஃபா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். வேன் வந்து தன்னைக் காணாமல் போய்விடக்கூடாது என்று, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றவர், பிறகு உள்ளே போகவே இல்லை. பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். கால் மரத்துப்போய் அவரால் படி ஏற முடியவில்லை. தோரா இடுப்பைப் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே உட்காரவைத்தாள். மருத்துவமனையில் அவருக்கான நேரத்தில் பாதி போய்விட்டது. அடுத்து வந்தவருக்கு இயந்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்று பாதியிலேயே கழற்றிவிட்டார்கள். மறுநாள் அவருக்கு நீர் கோத்து மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் தோரா எங்களோடு சண்டை போடக்கூட இல்லை.

ஓட்டுநரின் தவறு என்று டுவெய்ன் முடிவு செய்தான். அதையும் கனிவாகத்தான் சொன்னானாம்.

அதற்குப் பிறகு, நாங்கள் இயந்திரங்களோடு கட்டிக் கிடக்கும் நேரமெல்லாம் தோரா அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். டயாலிசிஸ் கூடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு. கண்ணாடிக் கதவு வழியாக என் படுக்கையிலிருந்து தெரியும். அவள் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸிடம் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சுத் துண்டுகளைக் கேட்டு வாங்கித் திரையைத் துடைத்தாள். சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் அழுக்கு அடைத்துக்கொண்டு எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கலாம் என்று, கடைக்காரன் ஒருவனுடைய விசிட்டிங் கார்டை நீளவாக்கில் மடித்து நான்கு ஓரங்களிலும் விட்டு இழுத்தாள். ரொட்டித் துகள் வந்தது, நாய் முடி வந்தது. பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஒழுங்காக வேலை செய்தது. கெட்டிக்காரி என்று நாங்கள் சொன்னோம். திரும்பும் வழியில், தானியக் கிடங்கு வருவதற்குள் பழையபடி ஆட ஆரம்பித்தது. தோரா டாஷ்போர்டில் குத்திய குத்தில் அதற்கு அடியில் இருந்த சாமான் அறை திறந்துகொண்டது.

அடுத்த முறை மருத்துவமனையிலிருந்தே பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். நடைவழியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள், ஸ்பீக்கரில். மறுமுனையில் பேசிய பையன், அணைத்துவிட்டுத் திரையின் வலது கீழ்மூலையில் விரலை வைத்தபடியே திரும்பப் போடச் சொன்னான். ஒரு கேள்வி வரும், 'ஆம்' என்று அழுத்துங்கள் என்றான். அவள் கேள்வியை உரக்கப் படித்தாள்: எல்லாத் தகவலையும் அழிக்கவா?

"சேத்து வச்ச இடமெல்லாம் போயிடாதே?"

"அது தற்காலிகக் குப்பைதாம்மா. தைரியமா அழுத்துங்க."

அழுத்தினாள். போயிற்று. எங்கள் பக்கத்து வீடுகளை எந்த வரைபடமும் சரியாகக் காட்டாது. ஒரு மைல் தள்ளி, நடுவயலில் காட்டும். ஆகையால் ஒவ்வொருவர் கேட்டிலும் வண்டியை நிறுத்தி, அந்த இடத்தை அவளே பதிந்து வைத்திருந்தாள். பல வருஷத்து வேலை. பையனிடம் சொன்னாள். அது பழைய மாடல், இப்போது அதற்கு உதவி கிடையாது, புதியது வாங்குகிறீர்களா என்று கேட்டான். அவள் கத்துவாள் என்று நர்ஸ்கள் உட்பட எல்லோரும் காத்திருந்தோம்.

"தம்பி, நான் யார யாரக் கூட்டிட்டுப் போறேன்னு உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அந்த அமைதி எங்களுக்குப் பயமாக இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அப்படித் தடவும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது: முதுகுப்புறம் ஒரே சமமாக இல்லை. எழுந்து வந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசி ஏறிய கையோடு கிடந்த லெஸ்டரிடம் நீட்டினாள். "தொட்டுப் பாரு. வீங்கியிருக்கா இல்லையா?"

"நான் மாத்திரை போடாத அன்னிக்கு என் கால் இப்படித்தான் இருக்கும்" என்றான் அவன்.

மருத்துவமனைக்கு வெளியே வேனின் படியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் ஸ்பூனின் காம்பால் மெதுவாக நெம்பித் திறந்தாள். பேட்டரி தலையணை போல உப்பி, உள்ளிருந்து திரையை முட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஓட ஓட, கீழிருந்து சூடான காற்று பட்டு அது இன்னும் உப்பும். ஓரிடம் மாற்றி ஓரிடம் திரையை அழுத்தும். ஆளில்லாமல் அழுத்திய விரல் அதுதான். குத்திவிடாமல் கழற்றி, பனி நிரப்பிய காப்பி டப்பாவில் போட்டு, ஆளில்லாத மூலையில் கொண்டுபோய் வைத்தாள். பேட்டரி இல்லாமல், வண்டியின் மின்சாரத்தில் பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். நான்கை அழுத்தினால் நான்கே வந்தது. பெட்டியைக் காற்றுப் படாத பக்கமாக நகர்த்தி, புது டேப் சுற்றினாள்.

காப்பி டப்பாவோடு டுவெய்னின் அலுவலகத்துக்குப் போனாள். நடந்ததை அடுத்த முறை வண்டியில் எங்களிடம் சொன்னாள். மேசைமேல் வைத்து, இதுதான் உன் ஓட்டுநரின் தவறு என்றாளாம். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, முதலில் இதை வெளியே கொண்டுபோ, தீப்பிடிக்கும் என்றிருக்கிறான். பிறகு அவளை உட்காரச் சொல்லி, புதுப் பெட்டிக்கு ஏற்பாடு செய்யாதது தன் தவறுதான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். அவள் எழுந்திருக்கும்போது கேட்டானாம்: "ஆனா தோரா, ஏரி வாசனை வர்ற வரைக்கும் வண்டிய ஓட்டினது யாரு?"

"என்ன திமிர் பாரு அவனுக்கு" என்று எங்களிடம் சொன்னாள். அதற்கு மேல் திட்டவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். லெஸ்டர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கேட்டுகளை மறுபடி பதியும் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொருவர் வாசலிலும் நிறுத்தி அழுத்தினாள். என் வாசலில், வேலிக் கம்பத்தை நிமிர்த்தி நட ஆள் இல்லையா என்று திட்டிக்கொண்டே அழுத்தினாள்.

ஸ்டெஃபா உடம்பு தேறி வந்த பிறகு, ஒவ்வொரு முறையும் நாங்கள் போகும்போது கேட்டுக்கு வெளியேதான் நின்றார். எவ்வளவு சீக்கிரம் போனாலும் அங்கே நின்றார். புருவத்தில் பனி ஒட்டியிருக்கும். தோரா ஹாரன் அடிக்கிறேன், அதுவரை அடுப்படியில் உட்காருங்கள் என்று தன்மையாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தன்மையில். கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கத்தியேவிட்டாள்.

"இந்தக் குளிர்ல இப்படி நின்னா கிட்னி கொல்றதுக்கு முன்னாடி இது கொன்னுடும் அம்மா. நான்தான் வர்றேனே, ஒவ்வொரு தடவையும் வர்றேனே!"

ஸ்டெஃபா கோபப்படவில்லை. பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அன்னிக்கும் வர்றேன்னுதான் சொன்னாங்க, மகளே. உள்ள இருந்தா எனக்கு ரோடு தெரியாது. நீ எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தோரா அவரை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தாள். காது இன்னும் சிவந்தது. அன்றைக்கு வழி முழுக்க முன்னால் போன மரலாரிக்காரனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவன் எங்கள் வழியில் குறுக்கே ஒன்றும் வரவில்லை.

எல்லாக் கேட்டையும் பதிந்து முடித்திருந்தாள், ஸ்டெஃபாவுடையதைத் தவிர. அடுத்த முறை போனபோது காற்று வடக்கிலிருந்து வீசியது. ஸ்டெஃபா வழக்கம்போல நின்றிருந்தார். தோரா இறங்கவில்லை. டேப்பைப் பிய்த்துப் பெட்டியை எடுத்தாள். பேட்டரி இல்லாததால் வயரைப் பிடுங்கினால் அது செத்துவிடும், வயரோ குட்டை. ஸ்டெஃபா நின்ற பக்கத்து முன்கதவைத் திறந்துவிட்டு, இருக்கையின் குறுக்கே படுத்த மாதிரி சாய்ந்து, வயர் விறைக்க விறைக்கக் கையை வெளியே நீட்டினாள்.

"உங்க வாசல நீங்களே இதுல பதிங்க" என்றாள். "பேரும் நீங்களே எழுதுங்க. கையுறையக் கழட்ட வேணாம்."

ஸ்டெஃபா பையைக் கீழே வைத்தார். பச்சைக் கம்பளிக் கையுறையின் நுனியால் ஒரு எழுத்தை அழுத்தினார். தவறாகிவிட்டது. அழித்தார். மறுபடி தேடினார். திறந்த கதவு வழியாகப் பனி அடித்து, தோராவின் கழுத்திலும் தலைமயிரிலும் விழுந்துகொண்டிருந்தது. லெஸ்டர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். ஸ்டெஃபா இரண்டாவது எழுத்தைக் கண்டுபிடித்தார். தோரா நீட்டிய கையை மாற்றிக்கொள்ளவில்லை. மறு கையைக் கொண்டுவந்து, திரைமேல் பனி விழாமல் குடை போலக் கவித்துப் பிடித்துக்கொண்டாள்.