ஒரு மூடி மருந்து

சின்னசேலம் மக்காச்சோளக் குடோனில் மருந்து அடிக்கிற தங்கதுரைக்கு ஒரு வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூட்டை அடுக்குகளைச் சுற்றுகிறார், தையலில் விரலை நுழைத்துப் பார்க்கிறார், வெளியே போகிறார், திரும்பி வருகிறார். பதினெட்டு வருஷமாகத் தியாகதுருகத்திலிருந்து பஸ் ஏறி வருகிற மனிதர், இப்படி அலைந்ததில்லை.

போன வருஷம் மருந்து அடித்த மறுநாள், பெருக்க வந்த அம்சவள்ளி மூன்று நாள் விடாமல் இருமினாள். அதன்பின் டேங்குக்கு இரண்டு மூடி ஊற்ற வேண்டியவர், யாரிடமும் சொல்லாமல் ஒரு மூடிதான் ஊற்றினார். வாடை குறைந்தது, இருமல் நின்றது. வண்டுகளும் மல்லாந்துதான் விழுந்தன. விழுந்ததெல்லாம் செத்ததென்று நம்பிச் சுவரோரம் தள்ளிவைத்தார். அது இரக்கமா, இருமலைக் கேட்கத் தாங்காத பலவீனமா என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

இந்த வருஷம் மூட்டைக்குள் கைவிட்டால் மாவுதான் வருகிறது. ஒரு மூடி அடித்ததில் மல்லாந்து கிடந்த பத்து வண்டுகளைக் காலையில் அம்சவள்ளியின் டீ கிளாஸில் போட்டு வைத்தார். சாயங்காலம் ஏழு நடந்தன. மறுநாள் இரண்டு மூடி ஊற்றி அடித்துவிட்டு, வேறு பத்தைப் போட்டார். ஆறு நடந்தன.

அன்று முதலாளி ஜெயப்பிரகாஷ் வந்தார். துளை விழுந்த சோளத்தை உள்ளங்கையில் உருட்டினார்.

"மூலையெல்லாம் பெருக்கறதே இல்ல, அதான் வண்டு. அம்சவள்ளி, நாளைலேர்ந்து வராத."

"நான் பெருக்காத மூல எதுன்னு காட்டுங்க மொதலாளி."

தங்கதுரை வாசல்வரை போய்த் திரும்பினார். கிளாஸை எடுத்து வந்து முதலாளியிடம் நீட்டினார்.

"அக்கா மேல தப்பில்லீங்க. ஒரு வருஷமா நான் பாதி மருந்துதான் ஊத்திக்கினு இருந்தேன். அதுல பொழச்சதுங்க பெருகி, இப்ப முழு மருந்துக்கும் சாவ மாட்டேங்குது."

"இன்னாத்துக்குய்யா அப்படிப் பண்ண?"

தங்கதுரை அம்சவள்ளியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் இருமலுக்குப் பாவம் பாத்து வண்டுக்குப் பால் வாத்தியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு நாள் வூட்லயே இருந்திருப்பேன்."

"அவ வேலைல இருக்கட்டும்," என்றார் ஜெயப்பிரகாஷ். "நீ இனிமே மருந்தத் தொடாத. மூட்ட தூக்கு."

அவர் போனதும் தங்கதுரை கிளாஸைக் கழுவக் கிளம்பினார்.

"அதுல இனி எவ டீ குடிப்பா? வேற வாங்கிக் குடு," என்றாள் அம்சவள்ளி.

குழாயடியில் கவிழ்க்கப் போனவர் எண்ணிப் பார்த்தார். இப்போது ஏழு நடந்தன. கவிழ்க்காமல் உட்கார்ந்து, கிடந்த மூன்றையும் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து நசுக்கத் தொடங்கினார்.