சாட்சியில் சொல்லாமல் விட்டது

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும் வேதமணி முதலில் குழாயைத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் பலமான பிறகுதான் கைப்பைக்குள் கைவிட்டாள். வேதாகமத்துக்கும் குடைக்கும் அடியில், கைக்குட்டையில் சுற்றிய நீல பம்ப் இருந்தது. குலுக்கி, வாயில் வைத்து, அழுத்தி இழுத்தாள். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி நின்றாள். நெஞ்சுக்குள் விசில் மெல்ல இறங்கியது. இன்னொரு முறை இழுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போலக் கூடத்துக்குத் திரும்பினாள்.

புனே ஏரவாடாவில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தை ஞாயிறு காலையில் மட்டும் வாடகைக்கு எடுத்து நடக்கும் தமிழ்ச் சபை அது. அறுபது பேர் வருவார்கள். இரண்டாவது வரிசையில் வேதமணிக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. மே மாதத்துக்கு முன்பு அவள் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்தவள். அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன் எழுந்து நின்று சொன்ன அவளுடைய சாட்சி.

வேதமணிக்கு ஐம்பது வயது. புருஷன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கும் முன்பிருந்தே சுனிலின் கிரணியில் வேலை பார்க்கிறாள். மாவு அரைக்கும் மில்லைப் புனேயில் கிரணி என்பார்கள். கோதுமை, சோளம், கம்பு, கடலைப்பருப்பு என்று வருவதைக் கொட்டி, அரைத்து, சலித்து, டப்பாவில் அடைத்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம் நரைத்திருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்பு இழுப்பு வந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவளுடைய தலைமுடியைப் பார்த்ததுமே எங்கே வேலை என்று கேட்டார். மாவுத் தூசுதான் காரணம் என்றார். வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். முடியாதென்றால் மூக்கைக் கட்டிக்கொண்டு, பழுப்பு பம்ப்பைக் காலையும் இரவும் தவறாமல் இழுக்கவும், மூச்சு முட்டினால் மட்டும் நீல பம்ப்பை எடுக்கவும் சொன்னார். வேதமணி மூக்கைக் கட்டிக்கொண்டாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

அவள் மகள் ஹெலினா பட்டம் வாங்கியவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன்மேசையில் உட்கார்ந்து பெயர் பதிகிறாள். அம்மாவின் இரவு இருமலைக் கேட்டுக்கேட்டு, போனில் தேடித்தேடி, போன ஏப்ரலில் ஒரு பட்டியல் தயாரித்தாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்; மகளுக்கோ தமிழ் பேச வரும், எழுத வராது. எனவே படமாக வரைந்தாள். வாழைப்பழம், அதன்மேல் பெருக்கல் குறி. தயிர்க்கிண்ணம், பெருக்கல் குறி. ஐஸ் தண்ணீர், வடாபாவ், வறுத்த வேர்க்கடலை, எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி. மஞ்சள் பூசணிக்கும் கீரைக்கும் சரி என்ற குறி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேராக ஏழு மணி காட்டும் கடிகாரம். நடுவில் ஆவி பறக்கும் ஒரு டம்ளர். துளசி, இஞ்சி, மிளகு, அதிமதுரம், அதோடு இங்கே வேலியோரமெல்லாம் வளரும் அடுல்சா, ஊரில் ஆடாதோடை என்பார்களே, அதன் இரண்டு இலை. டம்ளருக்குப் பக்கத்திலேயே பழுப்பு பம்ப். அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

"மா, டீ தனி, பம்ப் தனி. ரெண்டும் வேணும். சமஜ்லயா? புரிஞ்சிதா?"

"சமஞ்சிட்டு, சமஞ்சிட்டு. பிள்ளைக்குப் படிப்பு வந்ததுல எனக்கு வாழைப்பழம் போச்சு" என்றாள் வேதமணி.

பட்டியலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய அடுத்த வாரம் கிரணி இருந்த தெருவைக் கால்வாய் வேலைக்காகத் தோண்டினார்கள். மின்சாரக் கம்பியைத் துண்டித்துவிட்டார்கள். இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று சுனில் சொல்லிக்கொண்டே இருந்தான். நாற்பது நாள் கிரணி மூடிக்கிடந்தது.

அந்த நாற்பது நாளும் வேதமணி காலையில் தேநீருக்குப் பதில் அந்தக் கசப்பைக் குடித்தாள். ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்தாள். முதல் மூன்று வாரம் பழுப்பு பம்ப்பையும் இழுத்தாள். மூன்றாம் வாரக் கடைசியில் ஒருநாள், தான் கட்டிலில் முழு நீளத்துக்குப் படுத்துத் தூங்கி எழுந்திருப்பதை உணர்ந்தாள். தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்து உட்காராமல் விடிந்த காலை அவளுக்கு நினைவில்கூட இல்லை. அன்றைக்கு அழுதாள். பம்ப் தீர்ந்தபோது புதிது வாங்கவில்லை.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். அதுவரை அவள் சாட்சி சொன்னதே கிடையாது.

"ஒம்பது வருசமா எனக்கு இழுப்பு. உக்காந்தே தூங்குவேன். இப்பம் கர்த்தர் எனக்கு இலையக் காட்டினாரு, கசாயத்தக் காட்டினாரு. பம்ப்ப ஓரமா வச்சிட்டேன். நான் சொகமாயிட்டேன்."

கூடம் முழுக்க ஸ்தோத்திரம் எழுந்தது. கிரணி மூடிக்கிடப்பதையும், மூன்று வாரம் பம்ப் இழுத்ததையும் சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களுக்கு முன்னால் அவை உப்புச்சப்பில்லாத விஷயங்களாகத் தோன்றின. அதைச் சொன்னால் சாட்சி சின்னதாகிவிடும். அவள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் அதுவரை நடந்ததில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

போதகர் நல்ல மனிதர். மருந்தை விடும்படி அவர் யாருக்கும் சொன்னதில்லை. அன்றும் "மருந்தும் கர்த்தர் கொடுத்ததுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஸ்தோத்திரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வேதமணி பேனாவை எடுத்து, பிரிட்ஜ் கதவில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த பழுப்பு பம்ப்பின்மேல் தானே ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

அடுத்த ஞாயிறு பிளாஸ்க்கில் அந்தத் தேநீரைக் கொண்டுபோனாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கால் டம்ளர். மரியம்மாள் மட்டும் வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டிலே கொண்டுவந்துவிட்டாள். அறுபத்திரண்டு வயது. ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து, சோப்புத்தூளோடு பன்னிரண்டு வருட இழுப்பையும் வாங்கிக்கொண்டு வந்தவள். குரல் மட்டும் வெண்கலம்.

"ஏ வேதமணி, பாட்டில நெறச்சி ஊத்து. கஞ்சத்தனம் பண்ணாத. இந்தக் கசப்பக் குடிச்சா என் மருமகளே இனிச்சிருவா போல!"

"மருமவளுக்கும் ஒரு டம்ளர் குடுங்கக்கா. அவளுக்கு நீங்க இனிக்கணும்லா."

"போட்டி இவளே!" என்று மரியம்மாள் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமிக்கொண்டே குடித்தாள்.

ஜூன் முதல் வாரம் மின்சாரம் வந்தது. கிரணி திறந்தது. நாற்பது நாள் தேங்கிய வேலை அத்தனையும் வாசலில் மூட்டையாக நின்றது.

"மாவ்ஷி, ஆஜ் பாஜ்ரி ஜாஸ்த் ஆஹே" என்று சுனில் மூட்டைகளைக் காட்டினான், இன்றைக்குக் கம்புதான் அதிகம் என்று. கம்பு மாவு மெல்லியது. சாம்பல் போலக் காற்றிலேயே நிற்கும்.

நான்காம் நாள் இரவு தலையணைகள் மீண்டும் மூன்றாயின. மழையும் பிடித்துக்கொண்டது. வேதமணி இலையை இரண்டிலிருந்து நான்காக்கினாள். ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்த்தாள். எங்கே தவறினேன், என்றைக்கு வாயைக் கட்டாமல் விட்டேன் என்று யோசித்தாள். சுனில் பெண்ணின் பிறந்தநாளுக்குத் தின்ற ஒரு துண்டு கேக் நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தன்னையே திட்டினாள். பிறகு ஒருநாள் கிரணியிலேயே கண் இருட்டியது. அன்று சாயங்காலம் மருந்துக்கடையில் ஒரு நீல பம்ப் வாங்கினாள். பழுப்பு வாங்கவில்லை. பழுப்பு என்றால் தினமும். தினமும் என்றால் நோய் இருக்கிறது. நீலம் அவசரத்துக்குத்தானே.

அந்த அவசரம் தினமும் வந்தது. ஞாயிறும் வந்தது. ஞாயிறில் குழாயைத் திறந்துவிடப் பழகினாள்.

ஜூலை கடைசியில் குப்பைக்கூடையில் தீர்ந்துபோன நீல பம்ப்புகள் இரண்டை ஹெலினா கண்டுபிடித்தாள்.

"மா, இது என்ன? மூணு வாரத்துல ரெண்டா? பிரவுன் எங்க?"

"எடுக்கேன்ட்டி."

"ஜூட் மத் போலோ, மா! பொய் சொல்லாதீங்க! எங்க எடுக்குறீங்க?" அவள் பிரிட்ஜ் கதவைத் தட்டினாள். "இங்க பாருங்க. இந்த இன்ட்டு மார்க் நான் போட்டதா? நான் ரெட் சர்க்கிள் போட்டேன். யார் போட்டது இது?"

வேதமணி காலி பம்ப்புகளைக் கூடைக்குள் திரும்பப் போட்டாள். மகளின் குரல் இறங்கியது.

"என் தப்புதான். நான் எதுக்கு இந்த லிஸ்ட் எல்லாம் பண்ணேன்? நான் என்ன டாக்டரா? ஒரு டிகிரி வாங்கிட்டா எல்லாம் தெரியுமா?"

"உன் லிஸ்ட்டுல தப்பில்லட்டி. நீ வரைஞ்சத வரைஞ்சபடி நான் சொல்லல. சபையில எந்திரிச்சி நின்னு சொல்லிட்டேன். இப்பம் பம்ப்போட போயி எப்படி உக்கார?"

"உக்காந்தா என்ன, மா?"

சாட்சி சொன்னவள் பம்ப் இழுத்தால் பொய் சொன்னது அவள் மட்டும்தானா, கர்த்தரையும் பொய்யராக்கிவிட்டாளா என்ற பயத்தை மகளிடம் எந்த மொழியில் சொல்வது?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மரியம்மாள் வரவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் அவளுக்காக ஜெபிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்; ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்து இப்போதுதான் வார்டுக்கு வந்திருக்கிறாள் என்றார்.

வேதமணி கூட்டம் முடிந்ததும் நேரே போனாள். கையில் பிளாஸ்க் இருந்தது. வார்டு மூன்றாவது மாடி. லிப்ட் முன்னால் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக நின்றன. படியேறினாள். இரண்டாவது மாடியிலேயே நெஞ்சு பூட்டிக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்து நின்று, நின்று, ஏறினாள்.

மரியம்மாள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. பாதியாகக் கரைந்திருந்தாள். வேதமணியைக் கண்டதும் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள். வெண்கலக் குரல் காற்றாகிப் போயிருந்தது.

"வந்துட்டியா... பாரு எனக்கு வந்தத."

"பேசாதீங்கக்கா."

"ஜூன்லயே பம்ப்பக் குப்பையில போட்டேன். நீ சொன்ன மாதிரியே குடிச்சேன். வாயக் கட்டினேன். மீன்கூடத் தொடல." மூச்சு வாங்கினாள். "உனக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கல. என் விசுவாசம் காணாது போல. படுத்துக்கிட்டு அதத்தான் யோசிக்கேன். என்ன பாவம் மிச்சம் இருக்குன்னு."

அவள் குற்றம் சொல்லியிருந்தால் வேதமணி தாங்கியிருப்பாள். உன்னால்தான்டி என்று திட்டியிருந்தால் காலைப் பிடித்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படியேறிய மூச்சு இன்னும் இறங்கவில்லை. விசில் அவள் நெஞ்சிலிருந்து வெளியே கேட்டது. அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். இங்கே தாழ்ப்பாள் இல்லை, திறந்துவிடக் குழாயும் இல்லை. வேதமணி கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். மரியம்மாளின் கண்ணெதிரிலேயே நீல பம்ப்பைக் குலுக்கி, வாயில் வைத்து இழுத்தாள். பத்து எண்ணினாள். மறுபடியும் இழுத்தாள்.

மரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பம் இருந்து?"

"கெரணி தொறந்த மறு வாரத்துல இருந்துக்கா."

"சாட்சி சொன்ன அன்னைக்கு?"

"அன்னைக்கு கெரணி மூடிக் கெடந்திச்சி. அதுக்கு முன்ன பம்ப்பும் எடுத்தேன். அத... நான் சொல்லல."

மரியம்மாள் முகமூடியை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு, திரும்பாமலே, விரலால் பிளாஸ்க்கைக் காட்டி எடுத்துப்போகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் வேதமணி எழுந்தாள். கூடம் புன்னகையோடு அவளைப் பார்த்தது. பம்ப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"மே மாசம் நான் சொன்னது முழுசு இல்ல. எனக்கு இழுப்பு போகல. அப்பம் கெரணி மூடியிருந்தது, தூசு இல்ல. கூடவே பம்ப்பும் மூணு வாரம் எடுத்தேன். அதச் சொல்லாம விட்டேன். மரியக்கா என்னால படுத்துக் கெடக்கா. யாரும் பம்ப்ப விடாதீக."

ஸ்தோத்திரம் எழவில்லை. போதகர் எழுந்தார். பிறகு இருவருடைய சுகத்துக்காகவும் ஜெபிப்போம் என்றார். ஜெபித்தார்கள். உடனே அடுத்த பாட்டு தொடங்கியது. வழக்கத்தைவிடச் சற்றுச் சத்தமாகவே பாடினார்கள். மரியம்மாளின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் தேறிக்கொண்டிருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் இந்தச் சபைக்கு வரப்போவதில்லை என்று அவள் மகன் சொல்லியனுப்பியிருந்தான்.

கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கிரிஜா என்ற பெண் வேதமணியிடம் வந்தாள். ரஞ்சன்காவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, சபைக்குப் புதியவள்.

"ஆன்ட்டி, எங்க வீட்டுக்காரருக்கும் வீசிங். அந்த டீயில என்னென்ன போடணும்?"

"நான் இப்பம் சொன்னதக் கேக்கலையாம்மா?"

"கேட்டேன் ஆன்ட்டி. இருந்தாலும் நல்லதுதானே? இலைதானே."

வேதமணி அவள் முகத்தைப் பார்த்தாள். மே மாதத்தில் தன்னைப் பார்த்த முகங்களில் இருந்த அதே எதிர்பார்ப்பு.

"துளசி, இஞ்சி, நாலு மிளகு, அதிமதுரம் ஒரு துண்டு, அடுல்சா ரெண்டு எல. காலையில குடிக்கணும். அதுக்கு முந்தி பழுப்பு பம்ப் ரெண்டு இழுப்பு. ராத்திரியும் ரெண்டு. அப்புறம் நாப்பது நாள் கெரணி மூடியிருக்கணும்."

கிரிஜா போனில் எழுதிக்கொண்டே வந்தவள், கடைசியில் எழுதுவதை நிறுத்திச் சிரித்தாள். வேதமணி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. வேதமணி படியிலேயே நின்று பழுப்பு பம்ப்பை எடுத்தாள். முந்தின நாள் ஹெலினா வாங்கிக் கொடுத்தது. இது வேலை செய்ய வாரங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தாள். எல்லோரும் பார்க்க இரண்டு முறை இழுத்தாள். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நாளை திங்கட்கிழமை. கம்பு மூட்டை வரும்.